குழந்தை நலச் சான்றிதழ் வாங்கப் போகும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கும்போதே குழந்தை நலத்தில் தனியாக ஒரு சான்றிதழ் வாங்கினால் வேலைக்கு உதவுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உதவும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அதை நடத்துபவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "நான் எழுதுற சமூக விசாரணை அறிக்கையை யாராவது வரிவரியாப் படிச்சுத் திருத்தித் தருவாங்களா?" (குழந்தையின் வீடு, குடும்பம், பள்ளிச் சூழலை நேரில் விசாரித்து எழுதுவதுதான் இந்த அறிக்கை.) திருத்துவோம் என்றால் சேருங்கள். வீடியோ பார்த்து, கேள்விகளுக்கு டிக் அடித்து, சான்றிதழை இறக்கிக்கொள்ளும் படிப்புகள் சட்டங்களின் பெயரை அறிமுகப்படுத்தும், அவ்வளவுதான்.

அறிக்கைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழந்தையை யாரிடம், எங்கே விடுவது என்று முடிவு செய்வது இந்தக் குழுதான். அதில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்கள் உத்தரவிட்டால் 15 நாளுக்குள் சமூக விசாரணை முடிய வேண்டும். இறுதி முடிவுக்கு நான்கு மாதம். குழந்தையை அவர்கள் நேரில் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். வீடு எப்படி, பள்ளி எப்படி, பாட்டி வீட்டில் விடலாமா, குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்பதையெல்லாம் உங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இந்த அறிக்கைக்கென்று சட்டத்தின் மாதிரி விதிகளில் இருப்பது படிவம் 22. சட்டத்துக்கு முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தைகளுக்கானது படிவம் 6. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் நிறைய. அதைவிடப் பெரிய தவறு, இல்லத்தில் குழந்தை எதிரே உட்கார்ந்து, அது சொன்னதை மட்டும் கட்டங்களில் நிரப்பிவிட்டு ஹோம் விசிட் போகாமல் முடித்துவிடுவது. போகாததற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் முகவரி. ஒன்பது வயதுக் குழந்தை "கண்ணகி நகர்" என்று சொல்லும். பிளாக் எண், கதவு எண் தெரியாது. அப்போது எந்த ரேஷன் கடை, எந்தப் பஸ்ஸில் இறங்குவீர்கள், டீச்சர் பெயர் என்ன என்று கேளுங்கள். பள்ளி தெரிந்துவிட்டால் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டிலும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவிலும் முகவரி இருக்கும்.

வீட்டுக்குப் போனால் என்ன எழுதுவது என்பதில்தான் பயிற்சி தேவைப்படுகிறது. "தாய் பொறுப்பற்றவர். குழந்தையைக் கவனிப்பதில்லை." மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி வரும் வரி இது. இதில் தகவல் ஏதும் இல்லை, தீர்ப்புதான் இருக்கிறது. மயிலாப்பூர் பக்கம் குடிசையில் இருந்த ஒரு குடும்பம் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு வீட்டு வேலை இன்னும் மயிலாப்பூரில்தான். "அக்கா, காலைல எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, திரும்பி வர எவ்வளவு நேரமாகும், அதுவரைக்கும் தம்பிய யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டிருந்தால் அறிக்கை இப்படி வந்திருக்கும்: "தாய் காலை 5.30 மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குத் திரும்புகிறார். அந்த நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் இல்லை. பையன் பள்ளிக்குப் போகிறானா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை." முதல் வரியைப் படிக்கும் குழு பையனை இல்லத்துக்கு அனுப்ப நினைக்கும். இரண்டாவதைப் படித்தால், காலையில் அவனைப் பள்ளிக்கு அனுப்ப யாரை ஏற்பாடு செய்யலாம் என்று யோசிக்கும். நிறுவனப் பராமரிப்பு, அதாவது இல்லத்தில் சேர்ப்பது, கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளே சொல்கின்றன. குழந்தை வீட்டிலேயே இருக்கும் வழிக்கு இடம் வைத்து எழுதுவது நம் கடமை.

பரிந்துரைப் பகுதியில் "கவுன்சலிங் தரலாம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்கத் தரும் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். நகரத்துக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 96,000 ரூபாய். கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உயிருக்கு ஆபத்தான நோய்வாய்ப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் இதில் வருவார்கள். பொருந்துமென்றால் திட்டத்தின் பெயர், வருமானச் சான்று கையில் இருக்கிறதா, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்தாகிவிட்டதா என்பது வரை எழுதுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதாரில் உள்ள பிறந்த தேதியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சட்டத்தின் 94ஆவது பிரிவு சொல்லும் வரிசை வேறு: முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் மருத்துவ வயதுப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்ட விஷயத்தில் மாணவர் என்ற சலுகை உங்களுக்குக் கிடையாது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும்கூட, காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் அலகிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. அதனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு பாப்பா" என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பத்திரமா வெச்சுக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான பேச்சு. குழந்தை சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி, நேரத்தோடு எழுதிவைத்து, அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. புகார் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். மறுபடி மறுபடி துருவிக் கேட்காதீர்கள். குழந்தைக்கு அது வேதனை, வழக்குக்கும் கேடு.

களப்பணி நோட்டில் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதையும் எழுதக் கூடாது. குறியீட்டு எண் போதும். இல்லத்தில் கொண்டாடிய பொங்கல் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதும் அடையாளத்தை வெளிப்படுத்துவதுதான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சென்னையில் இருப்பது நல்வாய்ப்பு. 1920இல் நாட்டின் முதல் குழந்தைகள் சட்டம் இந்த மாகாணத்தில்தான் வந்தது. எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952 முதல் இயங்குகிறது. அரசு இல்லங்களும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணியில் 15 நாள் அறிக்கைக்கு நான்கைந்து நாள்தான் கிடைக்கும். முகவரி தேடுவதிலேயே ஒன்று போய்விடும். எனவே இந்த வேலையைப் பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு, அதாவது தொடர்ந்து சில வாரம் ஒரே இடத்தில் செய்யும் களப்பணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு இல்லத்துக்குள் போக, அதை நடத்தும் துறையின் எழுத்து அனுமதி வேண்டும், கல்லூரி வழியாகத்தான் கேட்க வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போதே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். முடித்துக் கிளம்பும்போது வெறும் வருகைச் சான்றை வாங்கிக்கொண்டு வராமல், எத்தனை மணி நேரம், எத்தனை ஹோம் விசிட், எத்தனை அறிக்கை என்று குறிப்பிட்டு அதிகாரி கையெழுத்துடன் வாங்குங்கள்.