ப்ராகில் '0% கமிஷன்' பலகையைப் பார்த்தால்

இந்த மாதம் மறுபடியும் ஒரு தம்பதி. இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வியன்னாவை முடித்து, செக் குடியரசின் தலைநகரான ப்ராகுக்கு வந்த மாலையே, பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் 300 ஈரோவை மாற்றியிருக்கிறார்கள். கைக்கு வந்தது 4,800 கொருனா, அதாவது செக் நாட்டுப் பணம். அன்றைய விலைக்கு 7,200-க்கு மேல் வந்திருக்க வேண்டும். போனது 100 ஈரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 10,000 ரூபாய். மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னார்கள். "ஜீரோ கமிஷன்னுதானே தம்பி போட்டிருந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்டார். இதே கேள்வியை வேறு வேறு குழுக்களில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

மத்திய ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப் போவதுதான் என் தொழில். ப்ராக் எல்லை வரும்போது பேருந்தில் மைக்கைப் பிடித்து இதையெல்லாம் சொல்லத்தான் செய்கிறேன். பயணக் களைப்பில் அது யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன். ஊரில் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

முதலில் ஒன்று. செக் குடியரசு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான உங்கள் ஷெங்கன் விசா அங்கே செல்லும். ஆனால் அந்த நாட்டுப் பணம் ஈரோ அல்ல, கொருனா. ஒரு ஈரோவுக்கு 24, 25 கொருனா வரும். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் கடைகள் பலவற்றில் ஈரோவையும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் வைத்ததுதான் விலை, மிச்சச் சில்லறையும் கொருனாவில்தான் வரும்.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். '0% கமிஷன்' என்று எழுதியிருப்பது பொய் இல்லை. அவர்கள் கமிஷன் எடுப்பதே இல்லை, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. லாபம் முழுவதும் விலைக்குள்ளேயே இருக்கிறது. 24 கொருனா பெறுமானமுள்ள ஈரோவை 16-க்கு வாங்கிக்கொள்கிற ஒருவருக்குத் தனியாகக் கமிஷன் எதற்கு? நம் ஊர் நகைக்கடையில் 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடுகிறோமா? இன்றைக்குக் கிராம் என்ன விலை, பில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தானே பணத்தை எடுக்கிறோம்? அதே கேள்வியை ப்ராகிலும் கேளுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

பலகையில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று, அவர்கள் ஈரோவை வாங்கும் விலை. இன்னொன்று, விற்கும் விலை. நம் கண்ணில் படுகிற நல்ல எண் பல நேரம் விற்கும் விலையாக இருக்கும். நமக்கு வேண்டியது அது இல்லை. நாம் ஈரோவைக் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள். ஆகவே வாங்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அங்கே நின்று யோசிக்கக் குழப்பமாக இருக்கிறதா? அப்படியானால் பலகையையே பார்க்காதீர்கள். நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "200 ஈரோவுக்கு மொத்தம் எத்தனை கொருனா கையில் தருவீர்கள்?" என்று கேளுங்கள். கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். 4,600, 4,700 என்று வந்தால் சரி. 3,200 என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அடியில் நோட்டைத் தள்ளிய பிறகு கேட்பதுதான் தவறு.

சரி, தள்ளிவிட்டீர்கள், ஏமாந்தும் விட்டீர்கள். அப்போதும் வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. 2019 ஏப்ரலிலிருந்து செக் நாட்டில் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. தொகை 1,000 ஈரோவுக்குள் இருந்து, விலையும் இவ்வளவு மோசமாக இருந்தால், 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போய் ரத்துசெய்யச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய கொருனாவைக் கொடுத்துவிட்டு ஈரோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் போலீஸைக் கூப்பிடுவேன், செக் தேசிய வங்கிக்கு எழுதுவேன் என்று சொல்லுங்கள். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது அந்த வங்கிதான். அந்த ஆசிரியத் தம்பதி அன்று மாலையே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடவே போய் வாங்கிக் கொடுத்திருப்பேன். இரவெல்லாம் மனதுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டுக் காலையில் சொன்னார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். உடனே சொல்லுங்கள். ரசீதைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள்.

தெருவில் நின்று "எக்ஸ்சேஞ்ச்?" என்று மெல்லக் கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம். தெருவில் பணம் மாற்றுவது அங்கே சட்டவிரோதம். அவர்கள் நீட்டுவது பெலாரஸின் பழைய ரூபிளாக இருக்கலாம், 2016-இல் மாற்றப்பட்டு இப்போது செல்லாத நோட்டு. ஹங்கேரியின் ஃபோரின்ட்டாகவும் இருக்கலாம். 1,000 கொருனா என்றால் ஏறத்தாழ 40 ஈரோ, 1,000 ஃபோரின்ட் 3 ஈரோகூடத் தேறாது. நோட்டில் ரஷ்ய எழுத்து மாதிரி தெரிந்தால் அது செக் பணமே இல்லை. 100 கொருனா நோட்டை ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுங்கள். அதில் இருப்பவர் மன்னர் நான்காம் சார்ல்ஸ். நீங்கள் படம் எடுக்க ஓடுகிற சார்ல்ஸ் பாலத்துக்கு 1357-இல் அடிக்கல் நாட்டியவர் அவர்தான்.

உண்மையைச் சொன்னால், ப்ராகில் ரொக்கம் அதிகம் தேவையே இல்லை. டிராமுக்குள் கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம். (காகித டிக்கெட் வாங்கினால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்துங்கள். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் பேட்ஜைக் காட்டுவார், சாக்குப்போக்கு எடுபடாது.) கிளம்பும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள். ஏடிஎம்மில் எடுப்பதானால் வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் இயந்திரத்தில் எடுங்கள். கடையானாலும் ஏடிஎம்மானாலும், "ரூபாயிலோ ஈரோவிலோ கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா?" என்று திரை கேட்டால் கொருனாவிலேயே என்று அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் அந்த இயந்திரம் வைத்ததுதான் மாற்று விலை.

சுற்றிப் பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். சதுக்கத்தில் தீயில் வாட்டும் ஹாமுக்கு (பன்றித் தொடை இறைச்சி) எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. கேட்காமல் விட்டால் 300, 400 கிராமை வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். "எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு?" என்று வெட்டும் முன் கேளுங்கள். 1410-ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் அலைமோதும். எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கும், இயேசுவின் சீடர்கள் ஜன்னலில் வலம் வருவார்கள், கடைசியில் சேவல் கூவும். எல்லோரும் அண்ணாந்து நிற்கும் அந்த நேரம்தான் ஜேப்படிக்காரர்களுக்கு வாகானது. முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

மலைமேல் இருக்கும் ப்ராக் கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் காசு கிடையாது, உள்ளே இருக்கும் கட்டடங்களுக்கு மட்டுமே டிக்கெட். அது அடுத்த நாளும் செல்லும், அதனால் ஒரே நாளில் முட்டி வலிக்க ஓட வேண்டாம். 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்த புனித வீட்டஸ் பேராலயத்துக்கு ஒரு காலைப்பொழுதையாவது கொடுங்கள். மலையேற முடியாதவர்கள் 22-ஆம் எண் டிராமில் மேலே போய்விடலாம். யூதர் பகுதியின் தொழுகைக்கூடங்கள் சனிக்கிழமை மூடியிருக்கும். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட 77,000-க்கும் மேற்பட்ட யூதர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் யாரையும் ஊர் திரும்ப விட எனக்கு மனம் வருவதில்லை. சனிக்கிழமையைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் கையில் ஈரோ கட்டைத் திணித்து அனுப்பாதீர்கள். வேலை செய்கிற கார்டு ஒன்றைக் கொடுத்து, அதை எப்படித் தட்டுவது என்று ஊரிலேயே ஒருமுறை பழக்கிக் காட்டுங்கள்.

கடைசி நாளில் மிஞ்சும் கொருனாவையும் மறந்துவிடாதீர்கள். நாணயங்களை ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். கட்டணக் கழிப்பறைக்குக் கொஞ்சம் சில்லறையை ஒதுக்கிவிட்டு, மீதியை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே காபிக்கும் ரொட்டிக்கும் செலவழித்துவிடுங்கள்.