கடைந்தெடுத்த நாணயமும் கிழிந்த நோட்டும்: மேஜிக் மேடையில் சட்டம் எதைப் பார்க்கிறது?

மேஜிக் கலைஞர் ஒருவர் உள்ளங்கையில் ஓர் அமெரிக்க அரை டாலர் நாணயத்தை வைத்துக் காட்டுகிறார். விரல்களை மூடித் திறந்ததும் அங்கே இரண்டு நாணயங்கள் இருக்கின்றன. இது கைவேகத்தால் மட்டும் நடந்ததல்ல. நாம் ஒரே நாணயமாகப் பார்த்தது, தொடக்கத்திலிருந்தே ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகக் கவிந்திருந்த இரண்டு உலோகத் துண்டுகள்: கீழே ஒரு முழு நாணயம், அதன்மேல் தொப்பியைப் போல ஓர் ஓடு. அந்த ஓடும் ஒரு காலத்தில் அரசின் நாணயச்சாலையில் அச்சாகி, கடையில் கொடுத்தால் மறுப்பின்றி வாங்கிக்கொள்ளப்பட்ட பணம்தான். அதைக் குடைந்து ஓடாக்கியவர் குற்றம் செய்தாரா என்பது எளிய கேள்வி போலத் தோன்றினாலும், அதற்கான பதில் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே நாணயத்துக்கு ஒன்றாகவும் நோட்டுக்கு வேறாகவும் இருக்கிறது.

முதலில் அந்த ஓடு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். அரை டாலரின் விட்டம் 30.61 மில்லிமீட்டர், தடிமன் 2.15 மில்லிமீட்டர், எடை 11.34 கிராம். விரல்களுக்கிடையே ஒளிக்கவும் முடியும், சற்றுத் தள்ளி அமர்ந்திருப்பவருக்குத் தெரியவும் செய்யும் என்பதால் நாணய வித்தைகளில் இந்த அளவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஓடு செய்பவர் நாணயத்தைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, ஒரு முகத்தை முற்றிலும் வழித்தெடுத்து, மறுமுகமும் விளிம்பும் மட்டும் மெல்லிய கிண்ணம்போல எஞ்சும்வரை உட்புறத்தைக் குடைகிறார். பிறகு அந்த விளிம்பைச் சற்றே விரித்தால்தான் இன்னொரு நாணயம் அதற்குள் இறங்கும். விரிப்பு கூடினால் ஓடு தளர்ந்து ஓசை எழுப்பும். குறைந்தால் உள்ளே போன நாணயம் வேண்டிய நேரத்தில் வெளியே வராது. விளிம்பைச் சுற்றியுள்ள நுண்வரிகளும் மழுங்கிவிடக் கூடாது, ஏனெனில் பக்கவாட்டில் பார்ப்பவரின் கண்ணுக்கு முதலில் படுவது அவைதான்.

இரண்டு பக்கமும் தலையே உள்ள நாணயமும் இதே வேலையின் நீட்சிதான். ஒரு நாணயத்தை ஓடாகக் குடைந்து, இன்னொன்றின் முகத்தை மெல்லிய வட்டத் தகடாகக் கடைந்தெடுத்து, அதை ஓட்டுக்குள் அழுத்திப் பொருத்துகிறார்கள். இணைப்புக் கோடு விளிம்புக்கு உட்புறமாக, வடிவமைப்பின் நிழலிலேயே விழுந்துவிடுவதால் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. மடியும் நாணயத்தை நுண்ணிய வாளால் அறுத்து, விளிம்பைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் ரப்பர் வளையம் பதித்து இணைக்கிறார்கள். தாமிரமும் நிக்கலும் கலந்த நாணயங்களைக் காந்தம் ஈர்க்காது என்பதால், காந்தத்துக்கு இணங்கும் நாணயம் வேண்டுமென்றால் உள்ளே இரும்புத் தகடு வைத்து மூட வேண்டியிருக்கும். ஆகவே நல்ல வித்தை நாணயம் ஒன்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட உண்மையான நாணயங்களின் அழிவு இருக்கிறது.

‘பணத்தைச் சேதப்படுத்துவது குற்றம்’ என்று பலரும் பொதுவாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, இந்தச் சட்டங்கள் எந்தத் தீமையை எதிர்த்துப் பிறந்தன என்பதைப் பார்க்க வேண்டும். நாணயங்கள் வெள்ளியாலும் பொன்னாலும் செய்யப்பட்ட காலத்தில், விளிம்பைச் சுரண்டிச் சிறிதளவு உலோகத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சிய நாணயத்தை முழு மதிப்புக்கே செலவழிப்பது பரவலான களவாக இருந்தது. இங்கிலாந்தில் அது அரசத் துரோகமாகவே கருதப்பட்டது. அப்படித் தேய்ந்த வெள்ளி நாணயங்களைத் திரும்பப் பெற்று 1696இல் புதிதாக அச்சடிக்கத் தொடங்கிய ஆண்டிலேயே ஐசக் நியூட்டன் நாணயச்சாலையின் பொறுப்பாளர்களில் ஒருவராக அங்கே வந்து சேர்ந்தார். விளிம்பில் வரிகளும் எழுத்துகளும் பொறிக்கும் வழக்கமும் இந்தக் களவைத் தடுக்கவே வந்தது. சுரண்டினால் வரி மறைந்து, திருட்டு வெளிப்பட்டுவிடும். இன்றைய ஓடு செய்பவர் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றும் அதே வரிகள், அன்று நாணயத்துக்குக் காவலாக நின்றவை.

அமெரிக்காவின் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தில் 331ஆம் பிரிவைப் படித்தால் அந்தப் பழைய அச்சம் சொற்களிலேயே தெரியும். நாணயத்தை மாற்றுவது, சிதைப்பது, சுரண்டுவது, எடை குறைப்பது என்று நீளும் பட்டியல் அது. தண்டனை 5 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நிற்கும் ஒரே சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: ‘மோசடியாக’. நாணயத்தைக் குடைந்ததாலேயே குற்றம் முழுமையடைவதில்லை. யாரையோ ஏய்த்து ஆதாயம் பெறும் நோக்கமும் அதனுடன் சேர வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். மேஜிக் என்பதே ஏமாற்றுவதுதானே? ஏமாற்றம் எல்லாம் மோசடி ஆகிவிடாது என்பதே இதற்கான பதில். பார்வையாளர் தாம் ஏமாறப் போகிறோம் என்று தெரிந்தே வந்து அமர்கிறார். அவருடைய பொருளோ உரிமையோ பறிபோவதில்லை. அதே இருதலை நாணயத்தைக் கொண்டு, எதிரிலிருப்பவருக்குத் தெரியாமல் பந்தயம் கட்டிப் பணம் பறித்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. உலோகத்தில் எந்த மாற்றமும் இல்லை, கடைசல் வேலையும் அதேதான். நோக்கம் மட்டும் மாறியது. அந்தப் பிரிவின் அடுத்த பகுதி, மாற்றப்பட்ட நாணயத்தைத் தெரிந்தே மோசடியாகச் செலவாணியில் விடுவதையும் குற்றமாக்குகிறது. என் பார்வையில் மேஜிக் கலைஞர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

சிறிய நாணயங்களுக்கு மட்டும் அமெரிக்காவில் கூடுதலாக ஒரு விதி இருக்கிறது. உலோக விலை ஏறியதால் ஒரு சென்ட், ஐந்து சென்ட் நாணயங்களை உருக்கி விற்பது லாபகரமாகிவிடும் என்ற நிலை வந்தபோது, 2006 டிசம்பரில் இடைக்காலமாகவும் 2007இல் நிரந்தரமாகவும் அவற்றை உருக்குவதும், மொத்தமாக ஏற்றுமதி செய்வதும், வேறுவகையில் பதப்படுத்துவதும் தடைசெய்யப்பட்டன. அந்த விதியே கல்வி, பொழுதுபோக்கு, புதுமைப் பொருள், நகை போன்ற நோக்கங்களுக்கு வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது; உலோகத்தின் மதிப்பை மட்டும் குறிவைத்து லாபம் பார்ப்பதாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

நோட்டுக்கு வந்தால் கதை வேறு. அதே சட்டத்தின் 333ஆம் பிரிவு, நோட்டை வெட்டுவது, துளையிடுவது, சிதைப்பது, ஒட்டி இணைப்பது ஆகியவற்றைக் குற்றமாக்கி, 6 மாதங்கள் வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. இங்கே ‘மோசடியாக’ என்ற சொல் இல்லை. அதற்குப் பதிலாக, நோட்டை மீண்டும் வெளியிடத் தகுதியற்றதாக்கும் எண்ணத்துடன் செய்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். எழுத்துக்கு எழுத்து படித்தால், மேடையில் ஒரு நோட்டை உண்மையாகவே துண்டு துண்டாகக் கிழிப்பவர், ஓடு செய்பவரைவிடச் சட்டத்துக்கு அருகில் நிற்கிறார்.

ஆனால் அவர் உண்மையில் எதைக் கிழிக்கிறார்? எலுமிச்சைப் பழத்துக்குள்ளிருந்து நோட்டு வெளிவரும் புகழ்பெற்ற வித்தையை எடுத்துக்கொள்வோம். பார்வையாளரிடம் ஒரு நோட்டைக் கடன் வாங்கி, அதன் மூலையைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நோட்டை எரிக்கிறார் கலைஞர். பிறகு பழத்தை அறுத்தால், சுருட்டிய நோட்டு ஒன்று சாறு சொட்ட வெளியே வருகிறது; பார்வையாளர் வைத்திருக்கும் மூலை அதன் கிழிசலுடன் நார்நாராகப் பொருந்துகிறது. இதன் பழைய வழிமுறைகளில் ஒன்றில், பழத்துக்குள் இருப்பது நிகழ்ச்சிக்கு முன்பே மூலை கிழிக்கப்பட்ட கலைஞரின் சொந்த நோட்டு. அந்த மூலை அவர் விரல்களில் ஒளிந்திருந்து, கிழிக்கும் தருணத்தில் இடம் மாறிப் பார்வையாளரின் கைக்குப் போகிறது. எரிவது வேறு தாளாக இருக்கலாம். பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் தாள். செல்லுலோஸை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் நனைத்துச் செய்யப்படும் அது, எரியத் தேவையான ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருப்பதால் ஒரு நொடியில் பளிச்சென்று எரிந்து, சாம்பல் ஏறக்குறைய இல்லாமல் மறைந்துவிடுகிறது. ஆக, உண்மையான பணத்துக்கு நேரும் சேதம் ஒரு மூலை மட்டும்தான்.

இதே வித்தையின் இன்னொரு வடிவத்தில் மூலைக்குப் பதில் வரிசை எண் சாட்சியாகிறது. அடுத்தடுத்த எண்கள் கொண்ட இரண்டு புது நோட்டுகளில் கடைசி இலக்கத்தைச் சுரண்டி அழித்துவிட்டால், இரண்டும் ஒரே எண் கொண்டவையாகிவிடும். கிழிப்பதோடு ஒப்பிட்டால் இது மென்மையான வேலையாகத் தெரியலாம். எனக்கோ இதுதான் கூடுதல் கவலை தருகிறது. கிழிந்த நோட்டு யாரையும் ஏய்க்காது. தன் காயத்தை அது வெளிப்படையாகக் காட்டி நிற்கிறது. எண் திருத்தப்பட்ட நோட்டோ, தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொண்டு பணப்பைக்குத் திரும்பக்கூடியது. அங்கிருந்து போலித் திருத்தத்தைத் தண்டிக்கும், மிகக் கடுமையான வேறு பிரிவுகளுக்குத் தூரம் அதிகமில்லை.

பிரிட்டனின் சட்டம் நோக்கத்தைவிடச் செயலின் வகையைப் பார்க்கிறது. 1928ஆம் ஆண்டின் சட்டம், வங்கி நோட்டின்மீது சொற்களையோ எழுத்துகளையோ எண்களையோ அச்சிடுவதையும் முத்திரை குத்துவதையும் அதுபோன்ற வழியில் பதிப்பதையும் தடுக்கிறது. கிழிப்பதையும் எரிப்பதையும் பற்றி அதில் பேச்சில்லை. 1994 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் கே ஃபவுண்டேஷன் என்ற கலைஞர் இணையர் 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ள நோட்டுகளைத் தீயிலிட்டார்கள். அவர்கள் செய்தது அந்தச் சட்டம் சொல்லும் செயல் எதிலும் அடங்கவில்லை. நாணயத்துக்கு 1971ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இருக்கிறது: உரிமம் இன்றி உருக்கவோ உடைக்கவோ கூடாது. குடைவது ‘உடைப்பது’ ஆகுமா என்பது வழக்கறிஞர்கள் வாதாடக்கூடிய கேள்வி.

ஆஸ்திரேலியா மிகவும் கண்டிப்பானது. 1981ஆம் ஆண்டின் சட்டப்படி, அங்கே செல்லுபடியாகும் நாணயத்தையோ நோட்டையோ எழுத்துமூல ஒப்புதல் இன்றி வேண்டுமென்றே சிதைப்பதும் அழிப்பதும் குற்றம்; 2 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். மோசடி நோக்கம் வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் ‘அங்கே செல்லுபடியாகும்’ என்ற சொல்லாட்சி ஒரு வழியைத் திறந்து வைக்கிறது: அமெரிக்க அரை டாலரைக் குடைந்து செய்த ஓடு அந்தப் பிரிவுக்குள் வராது. கனடாவின் பணச் சட்டமோ, உரிமம் இல்லாமல் நாணயத்தை உருக்குவதையும் உடைப்பதையும் மட்டுமன்றி, பணமாக அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்துவதையும் தடுக்கும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயங்களை உருக்குவதையும் அழிப்பதையும் தடைசெய்கிறது. யூரோ பகுதியின் அணுகுமுறை எனக்குப் பிடித்தது. ஐரோப்பிய ஆணையம் 2010 மார்ச்சில் வெளியிட்ட பரிந்துரை, தனிநபர்கள் சிறிய அளவில் நோட்டையோ நாணயத்தையோ அழிப்பதைத் தண்டிக்க வேண்டாம் என்கிறது. கலை நோக்கத்துக்காகச் சிதைப்பதை ஊக்குவிக்கக் கூடாது, ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அப்படிச் சிதைந்தவை செலவாணிக்குத் தகுதியற்றவை என்றும் சொல்கிறது.

பணச் சட்டங்களைத் தேடுபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று உண்டு. கடன் வாங்கிய நோட்டு பார்வையாளருடைய உடைமை. அவருடைய சம்மதம் இல்லாமல் அதை உண்மையாகவே கிழித்துவிட்டு வித்தை தவறிப்போனால், பணச் சட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் பிறர் பொருளைச் சேதப்படுத்திய பொறுப்பு வந்து சேரும். ஈடு கட்டுவதும் எப்போதும் எளிதல்ல. அமெரிக்காவில் நோட்டின் பாதிக்கு மேல் அடையாளம் காணும் நிலையில் எஞ்சியிருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டது என்று தெரிந்தால் மாற்றித்தர மறுக்கும் விதிகள் இந்தியாவிலும் யூரோ பகுதியிலும் இருக்கின்றன.

எல்லா நாடுகளிலும் பொதுவாகச் சிக்கலை உண்டாக்கக்கூடிய கணம் நிகழ்ச்சி முடிந்த பிறகு வருகிறது. ஓடும் இருதலை நாணயமும் சாதாரணச் சில்லறையுடன் ஒரே பையில் விழுந்தால், என்றாவது ஒருநாள் தெரியாமல் செலவாகிவிடும். வித்தை நாணயங்களுக்கெனத் தனியாக ஒரு பெட்டியோ பையோ வைத்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

அப்படித் தவறிப்போன நாணயம் ஒன்று வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. 1953 ஜூனில் நியூயார்க்கின் புரூக்ளினில் செய்தித்தாள் போடும் சிறுவன் ஒருவன் சந்தா வசூலித்துத் திரும்பியபோது, சில்லறையில் ஓர் ஐந்து சென்ட் நாணயம் அவனுக்கு வித்தியாசமாகத் தோன்றியது. கீழே போட்டதும் அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே எண்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு நுண்படம் இருந்தது. புலனாய்வாளர்கள் நியூயார்க்கின் வேடிக்கைப் பொருள் கடைகளில் அதைக் காட்டி விசாரித்தபோது, குடைந்த இடம் மிகவும் சிறியது, மேஜிக்குக்கு இது பயன்படாது என்ற பதிலே கிடைத்தது. 1957இல் சோவியத் உளவாளி ஒருவர் அமெரிக்கத் தரப்புக்கு மாறி வந்து சங்கேதத்தை விளக்கிய பிறகுதான் அந்த எண்கள் வாசிக்கப்பட்டன. அதுவரை, அந்த நாணயம் எப்படியோ தவறிச் செலவாணிக்குள் வந்திருக்கிறது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.