பேரெழுப்புதலை விழிப்புணர்வு ஆக்காதீர்கள்

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் 1730களுக்கு வந்து சேர்ந்ததும் 'முதல் பெரும் விழிப்புணர்வு' என்ற தொடர் வந்து விழும். ஆங்கிலத்தில் 'தி கிரேட் அவேக்கனிங்' எனப்படும், மக்கள் திரள்திரளாக மனம் திரும்பிய கிறிஸ்தவ சமய அலைக்கு அவர்கள் வைக்கும் பெயர் அது. நூறாண்டு தள்ளிப்போனால் 'இரண்டாம் பெரும் விழிப்புணர்வு'. டெங்கு கொசுவுக்கும் தலைக்கவசத்துக்கும் பேரணி விடுகிற அதே விழிப்புணர்வுதான். பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்து வரிசையில் போகிற காட்சிதான் படிப்பவர் மனத்தில் எழும். 1741 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் என்ஃபீல்ட் ஊர் ஆலயத்தில் பாதிரியார் ஜொனாதன் எட்வர்ட்ஸ் பிரசங்கம் செய்தபோது, கேட்டிருந்தவர்கள் போட்ட கூக்குரலில் அவர் பேச்சையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதை எந்தக் கணக்கில் விழிப்புணர்வு முகாமோடு சேர்ப்பது?

இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தமிழ்ச் சபைகள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் சொல் 'எழுப்புதல்'. 'எழுப்புதல் உண்டாயிற்று', 'எழுப்புதல் கூட்டம்', 'எழுப்புதல் பிரசங்கியார்' என்று அதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தை ஒட்டி நடந்ததை அந்த மக்கள் இந்தப் பெயரால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்ததும் அதே இனத்து நிகழ்ச்சிதான். திருநெல்வேலிக்கு ஒரு சொல், மாசசூசெட்ஸுக்கு வேறொரு சொல் என்பதில் நியாயம் இல்லை.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் இரண்டு சொற்களில் 'ரிவைவல்' என்பது லத்தீன் 'வீவெரே', அதாவது உயிர்வாழ்தல், என்பதிலிருந்து வந்தது. மீண்டும் உயிர்பெறுதல் என்று பொருள். 'அவேக்கனிங்' தூக்கத்திலிருந்து எழுவது. எட்வர்ட்ஸ் காலத்தவர்கள் இரண்டையும் கலந்தே வழங்கினார்கள். 'தி கிரேட் அவேக்கனிங்' நிலைத்த பெயரானது 1842இல் ஜோசப் டிரேசி அதைத் தன் நூலின் தலைப்பாக வைத்த பிறகு.

ஆங்கிலத்துக்கு இரண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில் தமிழுக்கு ஒன்றே போதும். 'காலையில் ஐந்து மணிக்கு எழுப்பு' என்றால் தூக்கத்திலிருந்து. 'மரித்தோரிலிருந்து எழுப்பினார்' என்றால் சாவிலிருந்து. 'தூங்குகிற நீ விழித்து, மரித்தோரைவிட்டு எழுந்திரு' என்ற எபேசியர் வசனத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். வேதாகமத் தமிழில் இந்தப் பொருளுக்கு 'உயிர்ப்பியும்' என்ற வினையும் உண்டு. ஆபகூக்கின் ஜெபத்தில் வருகிறது. இருந்தும் மக்கள் வாயில் நின்றது எழுப்புதல்தான்.

இனி 'விழிப்புணர்வு'. இதன் குறை அது புதுச்சொல் என்பதல்ல. விழிப்பு, உணர்வு இரண்டும் நல்ல தமிழ். இன்றைய வழக்கில் அது ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருத்தலைக் குறிக்கிறது என்பதே குறை. தெரியாததைத் தெரியவைத்தால் விழிப்புணர்வு வந்துவிடும். மாசசூசெட்ஸில் தன் சொந்தச் சபை இருந்த நார்தாம்ப்டனில் 1734-35இல் எட்வர்ட்ஸ் யாருக்கும் புதிய செய்தி எதையும் சொல்லவில்லை. ஏறக்குறைய 200 குடும்பங்கள் கொண்ட ஊர். எல்லாரும் பிறந்தது முதல் அதே போதனையைக் கேட்டவர்கள். தெரிந்தது உறைத்தது, அவ்வளவுதான். அரை ஆண்டில் 300க்கு மேற்பட்டவர்கள் மனம் திரும்பியதாக அவர் எழுதினார். தகவல் கிடைத்ததால் திரும்பிய மனங்கள் அல்ல அவை.

சொல் பிழைத்தால் காரணமும் பிழைத்துப்போகும். நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டர் நகரில் 1830-31 குளிர்காலத்தில், இரண்டாம் அலையின் பெயர்பெற்ற பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி நடத்திய கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தன. முன்னால் ஒரு பெஞ்சை ஒதுக்கி, மனம் கலங்கியவர்களை எல்லார் கண்முன்னும் அங்கே வந்து உட்காரச் செய்தார். ஆண்களும் பெண்களும் கூடியிருந்த சபையில் பெண்கள் வாய்விட்டு ஜெபித்தார்கள். பலருக்கு அதுவே அதிர்ச்சி. மது விற்றவர்கள் சிலர் பீப்பாய்களைத் தெருவுக்கு உருட்டிவந்து உடைத்தார்கள். மனம் திரும்பினவன் சும்மா இருக்கக்கூடாது, உலகத்துத் தீமை ஒன்றைப் பிடித்து ஒழிக்க வேண்டும் என்பது ஃபின்னியின் போதனை. அந்த வேகம்தான் சங்கங்களாகத் திரண்டது. 1826இல் தொடங்கியிருந்த மதுவிலக்குச் சங்கத்துக்கு ஆள் சேர்ந்தது. 1833இல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் உருவானது. ஃபின்னியால் மனம் திரும்பிய தியோடர் வெல்ட் அந்தச் சங்கத்தின் முக்கியப் பேச்சாளர் ஆனார். நியூயார்க் நகரில் ஃபின்னி, அடிமை வைத்திருப்பவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். அவர் பிறகு போய்ச் சேர்ந்த ஓபர்லின் கல்லூரி 1835இல் கறுப்பின மாணவர்களுக்கும் 1837இல் பட்டப்படிப்புக்குப் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. இத்தனையும் எழுதிவிட்டுத் தலைப்பில் 'விழிப்புணர்வு' என்று போட்டால், அடிமைமுறை கெட்டது என்று யாரோ துண்டறிக்கை கொடுத்து ஊரைத் திருத்தியதுபோல ஆகிவிடுகிறது.

'எழுச்சி' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசித்தவர்கள். திருப்பள்ளியெழுச்சி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே எழுந்தருள்பவன் இறைவன், பாடி எழுப்புகிறவன் அடியவன். இங்கே நடப்பது தலைகீழ். மேலும் எழு தன்வினை, எழுப்பு பிறவினை. எழுச்சி தானாக எழுவது. எழுப்புதலுக்கு எழுப்புகிறவர் ஒருவர் வேண்டும். எழுப்புகிறவர் யார் என்பதுதான் அந்த நூறாண்டுச் சண்டையே. தேவன் நினைத்தால் வரும், மனிதன் காத்திருக்கலாம் என்பது எட்வர்ட்ஸ் பக்கம். இது அற்புதமல்ல, உழவன் விதைத்து அறுப்பதுபோல் சரியான வழிகளைக் கையாண்டால் விளைவது என்பது ஃபின்னி பக்கம். பிறவினை இல்லாத சொல்லில் இந்த வழக்கைச் சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு எழுச்சி இன்று 1857க்கும் மாநாட்டுச் சுவரொட்டிக்கும் போய்விட்டது. 'பேரெழுச்சி' என்றால் கலகம் என்றுதான் படிப்பார்கள்.

'மறுமலர்ச்சி' பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலியில் தொடங்கிய கலை, கல்விப் பெருக்கத்துக்கு அது அருமையான சொல். 'ரெனைசான்ஸ்' என்பதன் நேர்பொருள் மறுபிறப்பு. அப்படியே போட்டிருந்தால் கர்மவினைக் கணக்கில் போயிருக்கும். மலர்ச்சி என்று மாற்றியவர் கெட்டிக்காரர். ஆனால் கையில் ஒரு நல்ல சொல் கிடைத்தது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதையே சாத்துகிறார்கள். 1828இல் தொடங்கிய பிரம்ம சமாஜத்துக்கும் மறுமலர்ச்சி, நாவலர் பணிக்கும் மறுமலர்ச்சி. முன்னது சீர்திருத்தம். ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கி, அடுத்த ஆண்டே அச்சுக்கூடம் வைத்து, பாதிரிமார் கையாண்ட பள்ளி, அச்சு, பிரசங்கம் என்ற கருவிகளைக் கொண்டே ஆகம நெறியை நிலைநாட்ட முயன்றார். அதற்குப் 'புத்துயிர்ப்பு' பொருந்தும். அந்தப் போக்கைக் கொள்கையாகப் பேசும்போது 'புத்துயிர்ப்பு வாதம்'.

எழுப்புதல் 'சர்ச் பாஷை', பொது வாசகருக்கு ஆகாது என்று ஒரு மறுப்பு உண்டு. ஜெபம், இரட்சிப்பு, பரிசுத்தம் என்று வடசொல் மண்டிய அந்த மொழியில் தனித்தமிழாக நிற்கிற சொற்களில் ஒன்று இது. அதைப் பார்த்தா முகம் சுளிப்பது? சுவர் எழுப்புதல், கேள்வி எழுப்புதல் இவற்றோடு குழம்பாதா என்றால், குழம்பாது: அவற்றுக்கு முன்னால் செயப்படுபொருள் நிற்கும். உண்மையான ஆபத்து வேறு. மூன்று நாள் கூட்டம் எல்லாமே இன்று சுவரொட்டியில் 'எழுப்புதல் பெருவிழா'. தேதியும் நேரமும் முன்கூட்டியே அச்சாகிவிடுகின்றன. ஃபின்னி ஒப்புக்கொள்வார், எட்வர்ட்ஸ் மாட்டார்.

எழுதும் முறை: 'பெரும் எழுப்புதல்' என்று பிரித்து எழுதினால் தவறில்லை, புணர்த்தினால் 'பேரெழுப்புதல்'. முதல் பேரெழுப்புதல், இரண்டாம் பேரெழுப்புதல். முதல் பேரெழுப்புதலை ஏற்றவர்கள் 'நியூ லைட்ஸ்', எதிர்த்தவர்கள் 'ஓல்ட் லைட்ஸ்'. அதில் பிளந்த இந்த இரு கட்சிகளைப் 'புதிய விளக்குகள்', 'பழைய விளக்குகள்' என்று மின்சாரக் கடை ஆக்க வேண்டாம். அங்கே 'லைட்' என்பது உள்ளத்தில் பெறும் ஒளி. புத்தொளியார், பழவொளியார் என்றால் போதும். 1742இல் கனெக்டிகட் சட்டம் போட்டுத் தடுத்தது, அழைப்பில்லாமல் அடுத்தவர் சபைக்குள் போய்ப் பிரசங்கித்த புத்தொளியாரைத்தான்.