புண்ணியம் என்று சொல்லாதீர்கள்: வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பங்களுக்கு நாம் செய்யக்கூடியவை

“யார் பெத்த பிள்ளையோ, நீங்க வச்சுக் காப்பாத்துறீங்க. உங்களுக்குப் பெரிய புண்ணியம்.”

வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையைச் சில காலம் இன்னொரு வீட்டில் வளர்க்கும் ஏற்பாட்டில், ஒரு பிள்ளையை வைத்திருக்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் பாராட்டு இது. சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பிள்ளையும் பெரும்பாலும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். தனக்குச் சோறு போடுவது ஒரு தர்மம் என்றுதான் அதற்குப் புரியும். அப்புறம் இன்னொரு தோசை கேட்கக்கூட வாய் வராது. குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் சமூகப் பணியாளராக வீடு வீடாகப் போகிறவள் நான். இப்படிப் பாராட்டுகளால் கூனிப்போன பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: “கவர்மெண்ட் காசு வருதுல்ல, அதான் வச்சிருக்காங்க.” ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. வளரும் பிள்ளையின் சாப்பாடு, நோட்டுப் புத்தகம், துணிமணி, காய்ச்சல் வந்தால் ஆட்டோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைக் கூலி என்று யாராலும் சொல்ல முடியாது.

பலர் வளர்ப்புப் பராமரிப்பைத் தத்தெடுப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகிவிடும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 44 சொல்லும் வளர்ப்புப் பராமரிப்பு அப்படியல்ல. பெற்றோர் சிறையிலோ, தீராத நோயிலோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருக்கலாம். அப்போது அந்தப் பிள்ளை விடுதியில் வளராமல் ஒரு வீட்டில் வளரட்டும் என்று, பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவிடுகிறது. அது சில மாதமாக இருக்கலாம், சில வருடமாகவும் இருக்கலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றால் கூடியவரை பிரிக்கக் கூடாது. பிள்ளையின் நலனுக்கு நல்லதல்ல என்று குழு கருதினால் தவிர, பெற்றோர் பிள்ளையை வந்து பார்க்கலாம்.

அந்தச் சந்திப்பு நாட்கள்தான் வீட்டில் கடினமானவை. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை இரவில் சாப்பிடாது, தட்டைத் தள்ளிவிடும், “நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல” என்று கத்தும். இதைக் கேட்கிற பெண்மணிக்கு மனசு உடைந்துபோகும். இது நன்றிகெட்டத்தனம் இல்லை. புது வீட்டில் சந்தோஷமாக இருந்தால் பெற்றவளுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று பிள்ளை பயப்படுகிறது. “உங்கம்மாவை நீ நினைச்சுக்கோ, எனக்கு அதுல வருத்தம் இல்ல” என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைப்பதும், பெரிய பிள்ளை படுக்கையை நனைப்பதும் இதே வகைதான். அதட்ட வேண்டாம். பிஸ்கட் டப்பாவைக் கை எட்டும் இடத்தில் வைத்து, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். ஒளிப்பது தானாகக் குறையும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அப்பா என்று வந்து கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பிள்ளையின் இன்ஷியலும் பொருந்தாது. அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டீச்சர், தயவுசெய்து குழுவின் உத்தரவு நகலைத் தலைமையாசிரியர் அறையில் பார்த்துக்கொள்ளுங்கள். “உன் குடும்பத்தைப் பற்றி எழுது” என்று கட்டுரை கொடுத்தால், “உன்னோடு இருப்பவர்களைப் பற்றி எழுது” என்று மாற்றிவிடலாம்.

சொந்தபந்தங்களுக்கு வேலை இன்னும் அதிகம். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும் பாட்டி, இந்தப் பிள்ளைக்கும் அதே கடையில், அதே விலையில் எடுக்க வேண்டும். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் சீர் யார் செய்வது, மாமன் இடத்தில் யார் நிற்பது என்று வீட்டில் கசமுசா எழும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வளர்ப்பம்மாவின் தம்பி, யாரும் கேட்பதற்கு முன்பே தட்டோடு வந்து நின்றார். விழா பெரிதாக நடக்கவில்லை; அதற்கப்புறம் அந்தப் பெண் அவரை ‘மாமா’ என்று கூப்பிடத் தயங்கியதே இல்லை. கொண்டாட்டம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

மேடையில் சால்வை போட்டு, பிள்ளையோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பாராட்ட நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உங்கள் பிள்ளைகளோடு விளையாட அழையுங்கள். வளர்ப்பம்மா அரை நாள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

பிள்ளை பெற்றோரிடம் திரும்பும் நாளில், “எப்படியும் போகப்போற பிள்ளைதானே” என்று மட்டும் சொல்லாதீர்கள். போகும் என்று தெரிந்தே பாசம் வைத்தவர்கள் அவர்கள். அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள், பிள்ளையைப் பற்றிப் பேச விடுங்கள்.

நீங்களே முன்வர நினைத்தால், ஒன்றிய அரசின் 2024 வழிகாட்டுதல்கள் வழியைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கின்றன. முன்பு திருமணமான தம்பதியர் மட்டுமே எடுக்க முடியும். இப்போது திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர் என்று 35 முதல் 60 வயதுக்குள் தனித்து வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தனி ஆணுக்கு ஆண் பிள்ளை மட்டும்தான். இதற்கு வரும் பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டியவர்கள். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். போகும்போது வீட்டிலுள்ள பெரியவர்களையும், உங்கள் சொந்தப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வீட்டாய்வுக்கு வருகிறவர்கள் அவர்களிடமும்தான் பேசுவார்கள்.