அயன்பெட்டியால் ரீசேட்டில் படம் ஒட்டுவதற்கு முன்

தை பிறந்து பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கினால் கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமெல்லாம் படம் போட்ட ரீசேட்டுக்குக் கேள்வி கூடிவிடும். மூன்று நாலு ரீசேட்டுக்காக ஸ்கிரீன் அச்சுக்குச் சட்டம் செய்வது கடைக்காரருக்குக் கட்டாது. அந்தச் சிறு தொகைக்கு வீட்டுப் பிரின்டரும், அச்சடித்த படத்தை அயன்பெட்டிச் சூட்டில் துணிக்கு மாற்றும் ட்ரான்ஸ்பர் தாளும் போதும். ஆனால் முதல் தோய்ப்பிலேயே படம் உரிந்துவிட்டது என்ற முறைப்பாடுதான் அதிகம், பழியும் தாளின் மேல்தான் விழும். பெரும்பாலும் தாளில் பிழை இருக்காது. தாள், மை, துணி மூன்றும் ஒன்றோடொன்று சேராதவையாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் சூடு போதாமல் போயிருக்கும்.

தாள் வாங்கும்போது பொதியில் இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று, இங்க்ஜெட்டுக்கா லேசருக்கா என்பது. இங்க்ஜெட் தாளைக் கொண்டுபோய் போட்டோகொப்பிக் கடை லேசர் மெசினில் கொடுத்தால், உள்ளே 180 பாகை செல்சியஸ் அளவில் சுடும் உருளையில் தாளின் பூச்சு உருகிச் சுற்றிக்கொள்ளும். தாளோடு அந்தப் பாகமும் போய்விடும். லேசர் தாளை இங்க்ஜெட்டில் போட்டால் மை ஊறாமல் மேலே நின்று கையில் ஒட்டும். மற்றது, வெள்ளைத் துணிக்கா நிறத் துணிக்கா என்பது. வெள்ளைத் துணிக்கான தாளில் இருப்பது கண்ணாடி போன்ற மெல்லிய படலம். பிரின்டரில் வெள்ளை மை கிடையாது, படத்தின் வெள்ளை இடங்களில் துணியின் நிறமே தெரியும். அதைக் கறுப்பு ரீசேட்டில் ஒட்டினால் படம் துணிக்குள் மறைந்துவிடும். நிறத் துணிக்கான தாளில் வெள்ளைப் படலம் உண்டு. தடிப்பு கூட, வெயிலில் போட்டால் நெஞ்சில் வியர்க்கும், ஆனாலும் கறுப்பு ரீசேட்டுக்கு அதுதான் வழி.

மை விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடுகளில் இப்போது இருப்பவை அநேகமாக மைத் தொட்டிப் பிரின்டர்கள். எப்சன் எல்3110, எல்3250 போன்றவற்றுக்கு ஊற்றும் 003 மை நான்கு நிறமும் நீரில் கரையும் டை மை. கனன் ஜி வரிசையில் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், அதாவது நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மை; மற்ற நிறங்கள் டை. டை மையில் அச்சடித்த படம் தோய்க்கத் தோய்க்க மங்கும், ஈரத்தில் ஓரம் கசியும். பிக்மென்ட் மை அதைவிட நன்றாக நிற்கும். டை மைதான் இருக்கிறது என்றால் ஒருநாள் நிகழ்ச்சிக்குப் போடும் ரீசேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூட்டில் ஆவியாகித் துணிக்குள் ஏறும் சப்ளிமேஷன் மை வேறு சாமான். அதற்குப் பொலியெஸ்டர் துணியும் 190, 200 பாகையில் ஒரே சீராக அழுத்தும் ஹீட் பிரஸ்ஸும் வேண்டும். அயன்பெட்டியால் முயன்றால் படம் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

துணி பருத்தியாக அல்லது பருத்தி கூடிய கலப்பாக இருக்கட்டும். விளையாட்டுக் கழக ஜேர்சி பொலியெஸ்டர், பருத்திக்கு வைக்கும் சூட்டில் மினுங்கிச் சுருங்கிவிடும். சந்தேகமென்றால் உள்மடிப்பில் ஒரு நூலை இழுத்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாக உறையும். புது ரீசேட்டில் கஞ்சிப் பசை இருக்கும். வாசனைத் திரவம் சேர்க்காமல் ஒருமுறை தோய்த்துக் காயவையுங்கள். சுருங்க வேண்டிய துணி அப்போதே சுருங்கட்டும். ஒட்டிய பிறகு சுருங்கினால் படலம் கூடவே சுருங்காது, நெளிந்து வெடிக்கும்.

படம் 300 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக வேண்டும். 8 அங்குல அகலத்துக்கு 2400 பிக்சல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சிறுத்துவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய எழுத்தை அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், ஆகவே பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது நல்லது. வெள்ளைத் துணித் தாளென்றால் படத்தை இடம்வலமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டும், நிறத் துணித் தாளென்றால் திருப்பக்கூடாது. முதலில் சாதாரணத் தாளில் ஒன்று எடுத்துப் பாருங்கள். அப்போது ‘ப’வைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது திருப்பினாலும் ‘ப’தான். ‘ட’வைத் தேடுங்கள்.

அச்சடிக்கையில் ஒவ்வொரு தாளாக வையுங்கள். போட்டோ தாள் அமைப்பு வேண்டாம், மை தேவைக்கு மேல் இறங்கும். அரை மணி நேரம் காயவிடுங்கள், மாரியில் அதற்கும் மேல். பிறகு படத்தைச் சுற்றி 2, 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, மூலைகளை வளைத்துவிடுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும்.

இனிச் சூடு. இங்கே வன்னிக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. மின்மாற்றிக்குத் தூரத்தில், வயர் முடியும் இடத்தில் உள்ள வீடுகளில் பின்னேரமானால் வோல்டேஜ் இறங்கும். 230இல் 1000 வாற் இழுக்கும் அயன்பெட்டி 190 வோல்டில் ஏறத்தாழ 680 வாற்தான் இழுக்கும். துணியும் மேசையும் சூட்டை உறிஞ்ச உறிஞ்ச அது ஈடுகொடுக்காது. சிவப்பு விளக்கு நெடுநேரம் அணையாமலே எரிந்தால் அதுதான் விசயம். காலையிலோ மதியத்திலோ செய்யுங்கள். சிரட்டைக் கரி அயன்பெட்டி இதற்குச் சரிவராது. பாரம் நல்லதுதான், ஆனால் சூட்டுக்குக் கணக்கில்லை, சாம்பலும் பறக்கும். நீராவி அயன்பெட்டியின் அடித்தட்டில் உள்ள துளைகளுக்குக் கீழே சூடு படாது, அந்தந்த இடத்தில் கொப்புளம் நிற்கும். துளையில்லாத பழைய பாரமான பெட்டிதான் இதற்கு ராசா. நீராவிப் பெட்டிதான் உண்டென்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இடத்தை மாற்றி மாற்றி அழுத்துங்கள். 2000 வாற் பெட்டி 9 அம்பியர் அளவில் இழுக்கும். அதை 5 அம்பியர் பிளக்கிலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ போட்டால் வயர்தான் முதலில் உருகும்.

பஞ்சு வைத்த அயன் பலகை அழுத்தத்தை விழுங்கிவிடும். மரமேசையில் பருத்தித் துணி ஒன்றை மடிப்பில்லாமல் விரித்து, அயன்பெட்டியைப் பருத்திக்குரிய மூன்று புள்ளிச் சூட்டில் வையுங்கள். விளக்கு இரண்டு முறை அணைந்த பிறகு தொடங்குங்கள். ரீசேட்டை முதலில் 10 செக்கன் வெறுமனே அழுத்தினால் உள்ளீரம் போகும். ஈரம் நின்றால் அது ஆவியாகிப் படலத்தைத் தூக்கும். சோளகக் காலமென்றால் யன்னலைச் சாத்துங்கள், செம்புழுதி படிந்த துணியில் எதுவும் ஒட்டாது.

படத்தைக் கழுத்துப் பட்டிக்கு நாலு விரல் கீழே, வெள்ளைத் துணித் தாளென்றால் குப்புற வையுங்கள். வழமையாக அயன் பண்ணுவதுபோல் இழுக்கக்கூடாது, படம் நகரும். இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தைக் கொடுத்து ஓரிடத்தில் 20 செக்கன் அளவு அழுத்தி, தூக்கி, பாதி மேற்படும்படி அடுத்த இடத்தில் வையுங்கள். முழு ஏ4 படத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும், ஆனாலும் பொதியில் எழுதிய நேரமே முடிவு. ஓரங்களை மறுபடி ஒருமுறை அழுத்துங்கள். நிறத் துணித் தாளில் பின்தாளை முதலில் உரித்துவிட்டு, படம் மேலே தெரிய வைத்து, மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள் போட்டு அழுத்த வேண்டும். மெழுகு பூசிய தாள் ஆகாது, நகத்தால் சுரண்டினால் மெழுகு தெரிந்துவிடும்.

வெள்ளைத் துணித் தாளில் பின்தாளை உரிப்பது சிலதில் சூட்டோடு, சிலதில் ஆறிய பிறகு. மாற்றிச் செய்தால் படலம் பாதி தாளிலேயே தங்கும். மூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள், படம் கூட வந்தால் தாளைத் திரும்பப் படியவிட்டு இன்னொரு 20 செக்கன் அழுத்துங்கள். சூடு குறைந்தால் ஓரம் கிளம்பும். கூடினால் வெள்ளை இடம் மஞ்சளாகும்.

ஒருநாள் கழித்தே தோயுங்கள். உட்பக்கம் வெளியே புரட்டி, பச்சைத் தண்ணீரில், ப்ளீச் இல்லாமல். கிணற்றடிக் கல்லில் அடித்துத் தோய்த்தால் எந்தத் தாளும் நிற்காது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் போடுங்கள். பின்னர் அயன் பண்ணும்போதும் படத்தின் மேல் நேரே வைக்கக்கூடாது, உருகிப் பெட்டியில் ஒட்டும். கைக்குழந்தையின் உடுப்பில் இதை ஒட்டாமல் விடுங்கள். படலத்துக்குள் காற்றுப் போகாது, பிள்ளை வாயில் வைத்துச் சப்பவும் செய்யும்.

மிஞ்சிய தாள்களைப் பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாமல் மூடி, பாரத்துக்கு ஒரு கொப்பியை மேலே வைத்துத் தட்டையாக வையுங்கள். மாரி ஈரத்தில் திறந்து கிடந்த தாள் சுருண்டு பிரின்டருக்குள் சிக்கும்.