ஃபண்ட் வருவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

போன தை மாதம் ஒரு படிப்பகத்தின் செயலாளர் போன் செய்தார். காவிரிக் கரையோரச் சிற்றூர். "ஐயா, பழைய புத்தகத்தையெல்லாம் ஸ்கேன் பண்ண வெளிநாட்டுல இருந்து ஃபண்ட் தர்றாங்களாமே, நமக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கலாம், உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்றேன். "ஒரு ரூம் நிறைய இருக்குங்க ஐயா" என்றார்.

பழைய தாள்களையும் சுவடிகளையும் செப்பனிடுவது, பட்டியலிடுவது என் தொழில். பதினைந்து வருடங்களாக இதே பதிலை வேறு வேறு ஊர்களில் கேட்டு வருகிறேன். "ரெண்டு பீரோ இருக்கு", "பரண் முழுக்கக் கிடக்கு", "தாத்தாவோட டிரங்குப் பெட்டி மூணு". உள்ளே என்ன என்று கேட்டால் அடுத்த வரி வராது. நிதி தருகிற எந்த நிறுவனத்தின் விண்ணப்பமானாலும் முதல் பக்கத்திலேயே இதைத்தான் கேட்கிறது: என்ன, எத்தனை, எந்த ஆண்டு, எந்த நிலையில்? பெரும்பாலான சின்ன நூலகங்கள் அந்த முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

இத்தனைக்கும் இது நல்ல காலம். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தது. அதே ஆண்டு ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. நெல்லைக்குப் பக்கத்தில் ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. ஒன்றிய அரசு 2025 பட்ஜெட்டில் ஞான பாரதம் என்ற சுவடித் திட்டத்தை அறிவித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுக்கப் போவதாகச் சொன்னது. இங்கே இந்து சமய அறநிலையத் துறையும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கோயில்களில் கிடக்கும் சுவடிகளைத் தேடிப் பட்டியலிட்டு வருகின்றன. பெரிய கட்டடங்கள் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் நம் ஊர் வரலாற்றில் பெரும்பங்கு இன்னும் படிப்பகங்களிலும் மடங்களிலும் பழைய பள்ளிக்கூட அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும்தான் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படிப்பகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு பீரோ நான்கு. முதல் பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையும் புழுக்க வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. அடித்தட்டில் இருந்த வார இதழ்களின் தொகுப்பு ஒன்றைத் தூக்கினால், தாள் பொரிந்து அப்பளம் போல விரலோடு வந்தது. குண்டூசி குத்திய இடமெல்லாம் துருப்பிடித்து, ஊசி போன பிறகும் ஊசியின் உருவம் பழுப்பாக நின்றது. ராமபாணப் பூச்சி ஒரு நாவலை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை நேர்கோட்டில் துளைத்திருந்தது.

செயலாளர் பெருமையோடு ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 1920களில் அச்சான ஒரு தல புராணம். யாரோ நல்ல மனதோடு அதன் முகப்புப் பக்கத்தை லேமினேஷன் செய்திருந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிக்க இனி வழியில்லை. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். கிழிந்த பக்கங்களில் செல்லோடேப். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பழைய தாளைப் பொறுத்தவரை நான் பார்த்த சேதத்தில் பாதி, காப்பாற்ற நினைத்த கைகளால் நேர்ந்தது. கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து வையுங்கள், போதும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். கடையில் ஒரு நீள நோட்டு வாங்கச் சொன்னேன். ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். நோட்டில் ஏழு பத்தி: வரிசை எண், தலைப்பு, எழுதியவர், ஆண்டு, அச்சான ஊரும் அச்சகமும், நிலை, எந்த பீரோவில் எந்தத் தட்டு. எண்ணைப் புத்தகத்தின் மேல் பேனாவால் எழுதக் கூடாது. உள் அட்டையின் மூலையில் பென்சிலால் மெல்ல எழுதினால் போதும். ஆண்டுப் பத்தியில்தான் பிள்ளைகள் திணறினார்கள். பல பழைய நூல்களில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். பிலவ வருஷம் என்று போட்டிருந்தால் அது 1901ஆ, 1961ஆ? அறுபது வருடச் சுற்றில் இரண்டுமே பிலவதான். அச்செழுத்தையும் விலையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அணாவில் விலை இருந்தால் பழையது, நயா பைசா என்றிருந்தால் பிந்தையது. அந்தப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு போலவே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ஞாயிறு மாலை, நான்காவது பீரோவின் மேல்தட்டில் பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியிலிருந்து துணி பைண்டு போட்ட கணக்கு நோட்டு போன்ற ஒன்று வந்தது. படிப்பகத்தின் கூட்டக் குறிப்பேடு. 1938இல் தொடங்குகிறது. யார் யார் வந்தார்கள், என்ன தீர்மானம், விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க எவ்வளவு, எந்தப் பத்திரிகையை நிறுத்துவது என்று எல்லாம் இருக்கிறது. உறுப்பினர் கையெழுத்துகளுக்கு நடுவே கைநாட்டும் இருந்தது. படிக்கத் தெரியாத ஒருவர் படிப்பகத்தில் உறுப்பினராக இருந்து சந்தா கட்டியிருக்கிறார். யாரோ வாசிக்க, உட்கார்ந்து கேட்டிருப்பார். 1948 பிப்ரவரியில் ஒரு பக்கம், காந்தி மறைவுக்கு இரங்கல் தீர்மானம். அதை எழுதிய கை நடுங்கியிருக்க வேண்டும், மை இரண்டு இடத்தில் பரவியிருந்தது.

செயலாளர் அந்த நோட்டை அதுவரை பார்த்ததே இல்லை. "இது வெறும் கணக்குதானேங்க" என்றார். நான் சொன்னேன்: இந்த அறையில் உள்ள அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலானவை வேறு எங்காவது ஒரு பிரதியாவது இருக்கும். இந்த நோட்டு உலகத்திலேயே இங்கு மட்டும்தான் இருக்கிறது.

வாய்ப்புகளைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். நிதி தருகிறவர்கள் தேடுவது நாம் நினைக்கிற "அரிய பொக்கிஷம்" மட்டும் இல்லை. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தில், புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாக நம் ஊர்களில் என்ன வேலை நடந்தது தெரியுமா? ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளைத் தேடிப் படமெடுத்தார்கள். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைச் சேர்த்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்தது. 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. யாழ்ப்பாணத்தில் 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்கிற மின்னூலகத்தில் இன்று பள்ளி மலர்கள், இறந்தவர் நினைவாக அச்சிடும், அங்கே கல்வெட்டு என்று சொல்லப்படும் சிறு நூல்கள் எல்லாம் இருக்கின்றன. இழந்தவர்களுக்குத் தெரியும், எதுவும் சின்னது இல்லை என்று.

பிரிட்டிஷ் நூலகத் திட்டத்துக்கு வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் கோருகிறார்கள். பழைய, பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஆவணங்களுக்கானது அது. அதற்குப் பிந்தியவை என்றால், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் நடத்தும் இதே மாதிரியான திட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டிலும், என்ன இருக்கிறது என்று பார்த்து வருவதற்கே சிறு நிதி கேட்கலாம்; எடுத்த எடுப்பில் பெரிய தொகை கேட்க வேண்டியதில்லை. தனியாக விண்ணப்பிப்பதைவிட ஒரு கல்லூரியையோ ஆய்வு நிறுவனத்தையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டு நிதி வேண்டாம், உள்ளூரிலேயே உதவி போதும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தை அணுகலாம். படிப்பகத்துக்கு நூல், அலமாரி தேவையென்றால் 1972 முதல் கொல்கத்தாவிலிருந்து இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவித் திட்டங்களைப் பற்றி உங்கள் மாவட்ட நூலக அலுவலரிடம் கேளுங்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் கையில் அந்த நோட்டு இருக்கட்டும்.

ஓலைச்சுவடி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கட்டு இறுகியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், ஓலை துளையிலிருந்தே பிளந்துவிடும். எழுத்து தெரியவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எலுமிச்சம்புல் எண்ணெயும் விளக்குக் கரியும் கொண்டு எழுத்தைத் தெளிவாக்கும் முறை இருக்கிறது, அதைப் பழகியவர்கள் செய்யட்டும். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். அதை ஓலையில் வைக்காமல், மேலே இருக்கும் மரச் சட்டத்தில் வையுங்கள். மேல் ஏட்டில் இருந்த எழுத்துகள் குங்குமத்துக்குள் மறைந்துபோன கட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடி 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வீடு தேடி வந்து விலை பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்துவிட்டால் கதை முடிந்தது என்ற நினைப்பு. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. படங்களின் ஒரு பிரதி உங்கள் படிப்பகத்திலும், ஒன்று வேறு ஊரிலும் இருக்க வேண்டும். மூலம் எப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். பீரோவின் அடித்தட்டைக் காலியாக விட்டாலே வெள்ளத்தில் பாதி தப்பும். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைசியாக எல்லோரும் கேட்கிற கேள்வி: கொடுத்தால் திரும்பி வருமா? நியாயமான பயம். வாங்கிப் போனவர் திருப்பித் தராத கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் விதிப்படி மூலம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. படம் மட்டும்தான் போகும். உள்ளூரில் யாரிடம் கொடுத்தாலும், என்ன கொடுத்தோம், எந்தத் தேதியில் திரும்பும், உரிமை யாருடையது என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், நல்ல நிறுவனங்கள் அவர்களாகவே அந்தத் தாளை நீட்டுவார்கள்.

அந்தப் படிப்பகத்தின் நோட்டில் இப்போது 912 வரிகள் இருக்கின்றன. பக்கத்து ஊர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறை சேர்ந்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறது. போன வாரம் செயலாளர் மறுபடி போன் செய்தார். தெருவில் ஓர் அம்மா, தன் மாமனார் 1938இல் முதல் கூட்டத்துக்கு வந்தவர் என்று சொல்லி, அவருடைய சந்தா ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தாராம். "எந்த எண் போடறதுங்க ஐயா?" என்று கேட்டார். 913 என்றேன். முதலில் பையிலிருந்து எடுத்து, காகித உறைக்கு மாற்றச் சொன்னேன்.