பிள்ளை எழுதிய பக்கத்தை எப்படிப் படிப்பது?

வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில், அம்மனின் தலை ஊர்வலமாக வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் நடக்கும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அந்தப் பக்கத்து மூன்றாம் வகுப்பில் ‘திருவிழா பார்த்ததை எழுது’ என்று சொன்னால், இந்த மாதிரி ஒரு பக்கம் கைக்கு வரும்:

‘நா எங்க அண்ண கூட சிரசு பாக்க போனே. நெறய ஜனம். ரோட்ல தேங்கா ஒடச்சிகினே இருந்தாங்க. அண்ண எனக்கு பயம் வாங்கி குடுத்தா. நா தூங்கிட்டே.’

சிவப்புப் பேனாவை எடுத்தால் சொல்லுக்குச் சொல் வட்டம் போட வேண்டியிருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்தப் பிள்ளை காதில் கேட்டதை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது. வட ஆற்காட்டுப் பேச்சில் ‘பழம்’ என்பது ‘பயம்’ என்றே ஒலிக்கும். ‘கொண்டு’ என்பது ‘கினு’ ஆகும். ‘அண்ணன் குடுத்தான்’ என்று பேசும்போது கடைசி ‘ன்’ முழு மெய்யாக வராது. உயிரொலி மூக்கில் லேசாக அதிர்ந்து நின்றுவிடும். அந்த மூக்கொலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. அதனால் பிள்ளை ‘குடுத்தா’ என்றே எழுதுகிறது. படிப்பவருக்கோ கொடுத்தது அண்ணனா அக்காவா என்று குழப்பம் வருகிறது.

இதே பாடத்துக்கு இன்னொரு பிள்ளை ‘தேக ஒடசகன இரதக’ என்று எழுதித் தரலாம். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவு. மதிப்பெண்ணும் ஒன்றாகவே விழும். ஆனால் முதல் பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் கைவசம், எழுத்துத் தமிழின் வடிவங்கள்தான் இன்னும் வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு மெய்யெழுத்தும் உயிர்மெய்க் குறிகளுமே இன்னும் பிடிபடவில்லை. முதல் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்ட வேண்டும், இரண்டாவதற்கு எழுத்தட்டை எடுக்க வேண்டும். இரண்டு பேரையும் ‘சொல்வதை எழுதுதல்’ என்ற ஒரே பயிற்சியில் உட்காரவைத்தால் ஒருவருக்கும் பயன் இருக்காது.

247 எழுத்து என்பது மலைப்பாகத் தெரிந்தாலும், உண்மையான சுமை அந்த எண்ணிக்கையில் இல்லை. கா, கி, கீ போன்ற வரிசைகளில் குறி பெரும்பாலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. உகர, ஊகார வரிசைகள் அப்படியில்லை: கு, சு, டு, து, பு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது, ஆனால் இந்த இரண்டு வரிசைகளையும் தொடவில்லை. கொம்பு தரும் தொல்லை வேறு விதம். ‘கெ’ என்பதில் காதுக்கு முதலில் வருவது க், கைக்கு முதலில் வருவது கொம்பு. ‘கொ’வில் குறி இரு பக்கமும் நிற்பதால் கொம்பைப் போட்டுவிட்டுத் துணைக்காலை மறப்பதும், ஒற்றைக்கொம்புக்கு இரட்டைக்கொம்பு போடுவதும் நெடுநாள் நீடிக்கும். கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்மெய் எழுத்துகள் முழுமையாகப் பிடிபட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரியவந்தது. தமிழின் எழுத்தமைப்பும் அதே குடும்பம்தான். ஒன்றாம் வகுப்பிலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று பதறுவது தேவையற்றது. தமிழ்நாட்டில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரித்ததும் இந்த உண்மையை ஒட்டித்தான்.

கை ஏன் இவ்வளவு முக்கியம்? 1980களின் தொடக்கத்தில் ஜான் ஹேய்ஸ், லிண்டா ஃபிளவர் என்ற இருவரும், எழுதும்போது மனத்துக்குள் மூன்று வேலைகள் மாறிமாறி நடக்கின்றன என்று காட்டினார்கள்: திட்டமிடுவது, நினைத்ததைச் சொற்களாக்குவது, எழுதியதைத் திரும்பப் பார்ப்பது. அவர்கள் கவனித்தது பெரியவர்களை. சிறு பிள்ளைகளுக்கு நான்காவதாக ஒரு வேலை உண்டு என்று பின்னால் விளக்கியவர் வர்ஜீனியா பெர்னிங்கர். சொல்லைத் தாளில் இறக்குவதே, அதாவது எழுத்து வடிவமும் எழுத்துக்கூட்டலும் சேர்ந்த கைவேலையே, அவர்களுக்குப் பெரும் சுமை. ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடியது கொஞ்சம்தான். ‘ஒடச்சிகினே’ என்பதில் எந்த ‘ச்’, எங்கே கொம்பு என்று தேடும் பிள்ளைக்கு அடுத்த வாக்கியம் மனத்திலிருந்து நழுவிவிடும். ‘நா தூங்கிட்டே’ என்று கதை திடீரென்று முடிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அதே திருவிழாவைப் பிள்ளையை வாயால் சொல்லச் சொல்லி, நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னது இரண்டு பக்கம் வந்து, எழுதியது 5 வரி என்றால் அடைப்பு கையில் இருக்கிறது. சொன்னதும் 5 வரிதான் என்றால் சொல்வளத்திலோ, நிகழ்ச்சியை வரிசையாக்குவதிலோ குறை. அடைப்பு கையில் என்றால் தினமும் 10 முதல் 15 நிமிடம் எழுத்துப் பயிற்சி போதும். வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதால் கை வலிக்குமே தவிர வேகம் வராது. பயிற்சியிலும் ஒரே எழுத்தை ஒரு பக்கம் நிரப்பச் சொல்ல வேண்டாம். பார்த்த எழுத்தை மறைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். கட்டுரை எழுதும்போது கைக்கு வேண்டியது அந்த நினைவுதான்.

வேகத்தை அளக்க, அமெரிக்கப் பள்ளிகளில் 1 நிமிடம் யோசிக்கவும் 3 நிமிடம் எழுதவும் விட்டுச் சொற்களை எண்ணும் முறை ஒன்று உண்டு. தமிழுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்பது நமக்கு ஒரே சொல், அதில் நான்கைந்து ஆங்கிலச் சொல் அடங்கும். சொல்லை விட்டு எழுத்தை எண்ணுங்கள். உயிர்மெய் ஒன்று, ஒற்று ஒன்று என்று கணக்கு வைத்தால் நேர்மையான அளவு கிடைக்கும்.

அடுத்த படி, பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஏறுவது. ‘பயம்’ தவறு, ‘பழம்’ சரி என்று நூறு முறை எழுதவைத்தால் அந்த ஒரு சொல் மட்டும் திருந்தும். ஏராளமாகக் கேட்டும் படித்தும்தான் வடிவம் மனத்தில் தங்கும். ஆசிரியர் கதைப் புத்தகத்தை உரக்கப் படிப்பதும், பிள்ளை சொன்ன வாக்கியத்தை ‘புத்தகத்தில் இருந்தால் எப்படி இருக்கும்?’ என்று கேட்டு மாற்றிச் சொல்லவைப்பதும் நன்றாக வேலை செய்யும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்தில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும், காட்பாடி, குடியாத்தம் எல்லையோரத்தில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இதில் இரண்டு படி ஏறுகிறார்கள்: முதலில் பேச்சுத் தமிழ், பிறகு எழுத்துத் தமிழ். அவர்களை முதலில் வீட்டு மொழியில் சொல்லவிட்டு, பிறகு தமிழில் எழுதச் சொன்னால், என்ன எழுதுவது என்ற கவலை முன்பே தீர்ந்துவிடும். அவர்கள் எழுதும் தமிழை வைத்து அறிவை அளந்துவிடக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஐந்து, ஆறாம் வகுப்பில் கை ஓடத் தொடங்கியதும் வேறொரு வடிவம் தலைகாட்டும். ‘காலையில் எழுந்தோம். அப்புறம் பஸ் ஏறினோம். அப்புறம் சாமி பார்த்தோம். அப்புறம்…’ நினைவுக்கு வந்த வரிசையில் இறக்கிவைப்பது. கார்ல் பெரெய்ட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா இருவரும் 1987இல் இதை ‘தெரிந்ததைச் சொல்லும்’ எழுத்து என்றும், படிப்பவருக்காகத் தெரிந்ததையே மாற்றி அமைக்கும் எழுத்து வேறு என்றும் பிரித்தார்கள். இரண்டாவது தானாக வளர்வதில்லை, பலர் கல்லூரி போயும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தூண்ட, படிப்பவரை மாற்ற வேண்டும். ‘சிரசுத் திருவிழா பற்றி எழுது’ என்பதற்குப் பதில், ‘இந்தத் திருவிழாவையே பார்க்காத தூத்துக்குடிப் பிள்ளைக்கு எழுது’ என்று கொடுத்துப் பாருங்கள். சிரசு என்றால் என்ன, அது ஏன் ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படுகிறது, வழியெல்லாம் ஏன் தேங்காய் உடைக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். எதை முதலில் சொல்வது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

வாக்கிய அளவில் எது பயன் தருகிறது என்பதற்கு ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் 2007இல் தொகுத்த ஆய்வு முக்கியமானது. 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இலக்கணத்தைத் தனியாக நடத்துவது எழுத்தை மேம்படுத்தவில்லை. திட்டமிடுவதையும் திருத்துவதையும் படிப்படியாகக் கற்பிப்பதும், சுருக்கி எழுதவைப்பதும் அதிகப் பயன் தந்தன. சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிக்கும் நல்ல பலன் இருந்தது. தமிழில் இதற்கு எச்சங்கள் கைகொடுக்கும். ‘அண்ணன் பழம் வாங்கினான். எனக்குக் கொடுத்தான். நான் அதைச் சாப்பிட்டேன்.’ இந்த மூன்றும் ‘அண்ணன் வாங்கிக் கொடுத்த பழத்தைச் சாப்பிட்டேன்’ என்று ஒன்றாகும். வினையெச்சமும் பெயரெச்சமும் வரையறையாக மனப்பாடம் ஆவதைவிட இப்படிக் கையில் பழகுவது எவ்வளவோ மேல்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். 1961இல் பால் டீடரிக், ஜான் பிரெஞ்ச், சிடெல் கார்ல்டன் மூவரும் 300 கட்டுரைகளை, ஆறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து 9 தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எந்த அளவுகோலும் கொடுக்கவில்லை. 300இல் 94 சதவீதக் கட்டுரைகள் 7, 8 அல்லது 9 வெவ்வேறு தரங்களைப் பெற்றன. திருத்தியவர்கள் அக்கறையற்றவர்கள் அல்ல. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழையைப் பார்த்தார், ஒருவர் அமைப்பை, ஒருவர் சொல்லாட்சியை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் வரும் 8 மதிப்பெண் கட்டுரைக்கும் இதே ஆபத்து உண்டு. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை, அழகான கையெழுத்து இருந்தால் 6க்குக் குறையாது என்ற பழக்கம், கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்ததற்கும் சொந்தமாக யோசித்ததற்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. பள்ளி அளவிலாவது கருத்துக்கு 3, அமைப்புக்கு 2, சொல்லுக்கும் தொடருக்கும் 2, எழுத்துப் பிழைக்கு 1 என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது. அப்போது வல்லினம் மிகாத ஒற்றுப்பிழை ஒன்று கருத்தின் மதிப்பெண்ணைத் தின்னாது. 2, 4, 6, 8 வாங்கத்தக்க மாதிரித் தாள்கள் நான்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். தாள் தாளாகத் திருத்தாமல், எல்லாத் தாளிலும் ஒரே கேள்வியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மிக நல்ல கட்டுரைக்கு அடுத்து வரும் சுமாரான கட்டுரை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். அதனால் அடுத்த கேள்விக்குப் போகும்போது தாள் கட்டைக் கலைத்து அடுக்குவதும் உதவும். தலைப்பு, கையேட்டில் இல்லாததாக இருக்கட்டும்: பொய்கை மாட்டுச்சந்தை, பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், வேலூர்க் கோட்டை அகழி.

இன்னொரு வழி, மதிப்பெண்ணே போடாமல் ஒப்பிடுவது. ‘இது எத்தனை?’ என்பதைவிட ‘இந்த இரண்டில் எது மேல்?’ என்பதற்கு மனிதர்கள் சீராகப் பதில் சொல்வார்கள் என்ற அடிப்படையில் லூயி தர்ஸ்டோன் 1927இல் வகுத்த கணக்கு இது. 30 தாள், ஒவ்வொன்றும் 10 முறை ஒப்பிடப்பட வேண்டும் என்றால் மொத்தம் 150 இணைகள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வரும் 5 ஆசிரியர்கள் ஆளுக்கு 30 இணை பார்த்தால் முடிந்துவிடும். வென்ற தோற்ற கணக்கிலிருந்து வரிசை கிடைக்கும். ஆசிரியர்கள் எந்தத் தாளில் முரண்படுகிறார்கள் என்பதும் வெளியே வரும். உட்கார்ந்து பேச வேண்டிய தாள் அதுதான்.

பிள்ளைக்குத் திரும்பப் போவது மதிப்பெண்ணா, குறிப்பா? ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட சோதனையில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண் குறிப்பின் பலனைக் கெடுத்துவிட்டது. கட்டுரை நோட்டில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள். அதுவும் செய்யக்கூடியதாக: ‘தேங்காய் உடைக்கும் இடத்தில் சத்தம் எப்படி இருந்தது? இரண்டு வரி சேர்.’ அதைச் சேர்க்க வகுப்பிலேயே 10 நிமிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் குறிப்பு நோட்டிலேயே கிடக்கும்.

2012-13இல் முப்பருவ முறையோடு வந்த முழுமையான தொடர் மதிப்பீட்டில் பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த வளரறிப் பகுதிக்கு மிகப் பொருத்தமானது ஒரு கோப்பு. பருவத்துக்கு இரண்டு பக்கம், இரண்டும் முன்பே தெரியாத தலைப்பு, 20 நிமிடம், யாரும் திருத்தாத கையெழுத்துப் படி, மேலே தேதி. ஜூன் பக்கத்தையும் ஜனவரி பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: சில பிள்ளைகளுக்குப் பிழை கூடியிருக்கும். ஜூனில் ‘நெறய ஜனம்’ என்று எழுதிய பிள்ளை ஜனவரியில் ‘கூட்டம் அதிகமா இருந்ததுனால நாங்க நடந்தே போனோம்’ என்று முயன்றிருக்கும். வாக்கியம் நீண்டால் தவறும் இடமும் கூடும். அதனால் மொத்தப் பிழையை எண்ணாமல் 100 எழுத்துக்கு எத்தனை என்று பாருங்கள். மயங்கொலிப் பிழையா (ல, ள, ழ போல ஒலி மயங்குவது), பேச்சு வடிவமா, ஒற்றா என்று தனித்தனியாகக் குறித்துவையுங்கள். எழுத்து விடுபடும் பிழை குறைந்து, நீண்ட தொடரில் ஒற்றுப்பிழை கூடியிருந்தால், அந்தப் பிள்ளை ஏழு மாதத்தில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது.